லாம்

சேலத்திலிருந்து எழுதுகிறேன்.
மாம்பழச் சேலம் இல்லை, ஆரெகன் சேலம்.
இங்கே சட்டசபை உண்டு.
அதன் உச்சியில் பொன் பூசிய ஓர் ஆள்
கோடரியோடு மழையில் நிற்கிறான்.

இரவுப் பணி ஏழரைக்கு முடிந்தது.
உடை மாற்றாதே என்று சொல்லியிருந்தாள் டெலோரிஸ்:
"அவர்கள் நம்மைச் சுத்தமாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள்."
முழங்காலில் அயோடின் கறையோடு
வரிசையில் உட்கார்ந்தேன், பத்தொன்பதாவது ஆளாக.

பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்.
இரண்டு நிமிடத்தின் கொள்ளளவு எனக்குத் தெரியும்.
ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றலாம்.
ஒரு நெஞ்சை இருநூறு தடவை அழுத்தலாம்.
ஒரு மகளிடம் இல்லை என்று சொல்லிவிட்டு
அவள் உட்கார நாற்காலி தேடலாம்.

தலைவர் என் பெயரைப் படிக்கப் பதினைந்து விநாடி.
பொற்கொடியின் நடுவே உள்ள புள்ளி எழுத்தில்
தடுக்கி விழுந்து எழுந்தார்.
மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர்.
அதற்கு ஐந்து விநாடி.

மசோதா பதினொரு பக்கம்.
எங்களுக்கு அதில் ஒரே வரி:
ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகள்தான் இருக்க வேண்டும்.
நேற்று மாலை வந்த திருத்தத்தில்
நர்ஸ் இருந்தார், நான்கும் இருந்தது.
வேண்டும் போய்விட்டது.
இருக்கலாம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்து
இன்னொரு சொல்லை வைத்திருக்கிறார்கள்.
எனக்குள் அது தமிழில்தான் விழுந்தது,
வினைக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வரும்
இரண்டெழுத்து வாலாக.

சொன்னேன்:
இரவு ஒன்பதுக்கு இன்சுலின் கொடுக்கலாம் என்று
எந்த டாக்டரும் எழுதி நான் பார்த்ததில்லை.
கை கழுவலாம் என்று
எங்கள் குழாய்மேல் யாரும் ஒட்டவில்லை.

சொன்னேன்:
பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லாத ஒருவர்,
கழிப்பறைக்குப் போக உதவி கேட்டு
பொத்தானை அழுத்தினார்.
அன்று எனக்கு ஏழு பேர்.
கதவுக்கு மேலே விளக்கு பதினொரு நிமிடம் எரிந்தது.
பிறகு குறிப்பேட்டில் எழுதினேன்,
தரையில் கிடக்கக் காணப்பட்டார்.
கண்டது நான்.
அந்த வாக்கியத்தில் நான் இல்லை.
ஏன் பதினொரு நிமிடம் என்பதும் இல்லை.
அப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்கு

மேசைமேல் விளக்கு சிவந்தது.
என் கை தானாக நீண்டது, அதை அணைக்க.
பின்வரிசையில் சிரிப்பு. எங்கள் ஆட்கள்தான்.

அடுத்து மருத்துவமனைகள் சங்கத்தின் சார்பில் ஒரு பெண்.
நெகிழ்வு என்ற சொல்லை ஆறு முறை சொன்னார்.
அவரும் ஒருகாலத்தில் வார்டில் நின்றவராம்.
இருக்கலாம்.
திரும்பிப் போகையில் கவனித்தேன்,
பட்டுச் சட்டைக்குக் கீழே
சத்தம் எழுப்பாத ரப்பர் அடிச் செருப்பு.
தூங்குகிறவர்களைத் தாண்டுவதுபோல்
எங்கள் வரிசையைத் தாண்டினார்.

கார் நிறுத்துமிடத்தில்
ஆறிப்போன உருளை வறுவலைத் தின்றபடி டெலோரிஸ் சொன்னாள்:
"எனக்கு இது நான்காவது மசோதா.
மூன்றும் செத்தபோது பக்கத்தில் இருந்தேன்."
பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.
உப்பு அதிகம். இருவருக்குமே ரத்த அழுத்தம்.
தின்றோம்.

வாக்கெடுப்பு செவ்வாய்க்குத் தள்ளிவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.
தள்ளிவைத்தது யார் என்று
அந்த வாக்கியத்திலும் இல்லை.

நான்கு மணிநேரம் தூங்கினேன்.
இன்றிரவு வார்டுப் பலகையில்
என் பெயருக்கு நேரே ஆறு அறை எண்கள்,
நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்கள்,
ஓரத்தில்
ஒன்றுக்கு இடம் விட்டு.